வாசிப்பு இடர்ப்பாடும் ஆசிரியர் பயிற்சியும்: தருமபுரி மாவட்டத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு

நன்னூற் பொதுப்பாயிரம் மாணாக்கர் இயல்பையும் பாடஞ் சொல்லும் முறையையும் அடுத்தடுத்துக் கூறுகின்றது. அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கு உவமை. ஓட்டைக் குடமும் நெய்யரியும் கடைமாணாக்கர்க்கு உவமை. இப்பகுப்பைக் கல்லாதாரும் அறிவர். ஆயின் அதே பாயிரத்தில் பவணந்தியார், கற்பவன் எவ்வகையால் ஏற்பான் என்பதை உணர்ந்து அவ்வகையாற் கொடுத்தலே ஆசிரியன் கடன் என்று வகுத்திருத்தலை எண்ணிப் பார்ப்பார் சிலரே. முன்னைய பகுப்பு மாணவனை எடை போடுகின்றது. பின்னைய விதி ஆசிரியனை எடை போடுகின்றது. சிறப்புக் கல்விக்குரிய ஆசிரியர் பயிற்சி முழுவதும் இப்பின்னைய விதியின்மேல் நிற்பதாகும்.

ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள், டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர்ப்பாடு. கண்ணும் செவியும் நன்கிருந்தும், அறிவிற் குறைவின்றியும், எழுத்தை ஒலியோடு இணைப்பதில் மட்டும் சில குழந்தைகள் பெரிதும் இடர்ப்படுவர். புறத்தே தோன்றும் அடையாளம் இன்மையின் இவர்கள் ‘மந்தம்’ என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கப்படுகின்றனர். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் இதனை உள்ளடக்கிய குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு இடமில்லை.

தருமபுரி மாவட்டம் 1965இல் சேலத்தினின்று பிரிந்தது. 2004இல் கிருட்டிணகிரி இதனின்று பிரிந்தது. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இதன் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, அவ்வாண்டில் தமிழகத்து மாவட்டங்களுள் இதுவே கடைசி. தகடூர் என்னும் பெயரால் சங்கச் சான்றோர் பாடிய நிலத்துக்கு இந்நிலை நேர்ந்தது வருந்தத்தக்கது. பெற்றோரே எழுத்தறியாதவராயின், பிள்ளை வாசிக்க இடர்ப்படுவதை வீட்டில் யாரும் கண்டறிய இயலாது. கண்டறியும் பொறுப்பு முழுவதும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்மேல் விழுகின்றது. அவர் தவறவிட்டால் அப்பிள்ளை ஐந்தாம் வகுப்பைத் தாண்டியும் எழுத்துக்கூட்டத் தெரியாமல் நிற்கும். பின்னர்ப் பள்ளியை விட்டே நீங்கும்.

இத்தகைய ஆசிரியர்க்குப் பயிற்சி அளிக்கும் முயற்சி புதியதன்று. 1974இல் மைய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கிற்று. 1987இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு, யூனிசெப் துணையோடு, தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் ஒரு வட்டாரத்தை அலகாகக் கொண்டு மூவடுக்குப் பயிற்சி வகுத்தது. எல்லா ஆசிரியர்க்கும் ஒரு வாரம். அவருட் சிலர்க்கு ஆறு வாரம். மிகச் சிலர்க்கு ஓராண்டு. என் கருத்தில் பின்வந்த எத்திட்டத்தினும் இதன் அமைப்பே செவ்விது. இன்று வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் பள்ளிதோறும் சென்று வருகின்றனர். வகுப்பாசிரியரோ பணியிடைப் பயிற்சியிற் சில மணி நேரமே இப்பொருளைக் கேட்கின்றார். 2021இல் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளிற் பத்து மாணவர்க்கு ஒருவர், மேல்வகுப்புகளிற் பதினைந்து மாணவர்க்கு ஒருவர் எனச் சிறப்பாசிரியர் எண்ணிக்கையை வரையறுத்தது. எண்ணிக்கை வேண்டற்பாலதே. எனினும் அவ்வாசிரியர் எதைக் கற்று வருகின்றார் என்பதே தமிழ்த்துறையினர் கேட்க வேண்டிய வினா.

வாசிப்பு இடர்ப்பாட்டைப் பற்றிய ஆய்வுகளுள் மிகப் பெரும்பகுதி ஆங்கில வாசிப்பை அடிப்படையாகக் கொண்டது. ‘பி’ ‘டி’ என்னும் ஆங்கில எழுத்துகளை இடவலமாக மாற்றி எழுதுதல் அதன் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. தமிழ் நெடுங்கணக்கில் அவ்வகை ஆடிப்பிம்ப இணைகள் இல்லை. தமிழ்க்குழந்தை இடர்ப்படும் இடங்கள் வேறு.

ஒன்று, ஒலியின் முறையும் வரியின் முறையும் மாறுபடுதல். ‘கெ’ என்பதில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்க, கண் முதலிற் காண்பது கொம்பையே. ‘கொ’ என்பதில் ஓருயிரின் குறி மெய்க்கு இருபுறமும் பிரிந்து நிற்கின்றது. ‘கௌ’ என்பதன் இறுதிக் குறியோ ளகரமே போல்வது. மற்றொன்று, உகரக் குறி ஒருபடித்தாய் இன்மை: கு, டு, து, பு என்னும் நான்கிலும் ஒரே உயிர் நான்கு வடிவு கொண்டது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் ஆகார, ஐகார, ஒகர, ஓகாரக் குறிகளை ஒழுங்குபடுத்திற்று. உகர ஊகாரங்களைத் தொடவில்லை. மூன்றாவது, ஒரே வரிவடிவம் இடத்துக்கேற்பப் பல ஒலி பெறுதல்: கல், மகன், தங்கம் என்னும் மூன்றிலும் ககரம் மூவகையாய் ஒலிக்கின்றது. பழகியவர்க்கு இது புலப்படுவதே இல்லை. ஒலிக்கூறுகளைப் பிரித்தறிதலே இடர்ப்பாடாக உள்ள குழந்தைக்கு இது பெருந்தடை.

நம் எழுத்துமுறையில் 216 உயிர்மெய் இருத்தலின் முழுமையாகக் கற்கும் காலமும் நீளும். கன்னட எழுத்தைக் கற்கும் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, அக்கர முறை எழுத்துகளைக் கற்றுமுடிக்க ஆங்கிலத்தினும் மிகுந்த ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டிற்று. ஆகவே இரண்டாம் வகுப்புப் பிள்ளை சில உயிர்மெய்களில் தடுமாறுதல் இயல்பு; நான்காம் வகுப்பிலும் அதே தடுமாற்றம் நின்றால் ஐயுற வேண்டும். 2015இல் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட இந்தியமொழி வாசிப்புச் சோதனைக் கருவி இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என்னும் நான்கு மொழிகளில் தொடங்கியது. தமிழ் அவற்றுள் இல்லை.

இக்குழந்தையின் நிலையைச் சுவடி படித்தார் எளிதில் உணர்வர். ஏட்டிற் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு இராது. ரகரமும் காலும் ஒரே கோடு. பயின்ற புலவரும் ஒரு சொல்லில் நின்று, முன்பின் நோக்கி, பொருள் கொண்டு ஊகித்தே மேற்செல்வர். அவ்வூகத்தைப் புலமை என்கின்றோம். அச்சிட்ட பாடநூலில் அதே ஊகத்தைச் செய்யும் சிறுவனை அடிக்கின்றோம்.

தருமபுரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லைப்புற ஊர்களில் வீட்டு மொழி கன்னடமாகவோ தெலுங்காகவோ இருத்தல் வழக்கம். பிற ஊர்ப் பிள்ளைகளுக்கும் ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்னும் பாடநூற்சொல் செவி கேளாத புதுச்சொல்லே. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மாணவர் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாகப் பகுக்கப்பட்டனர். அரும்பில் நிற்பவனுக்கு மொழி புதிதா, செவி மந்தமா, பள்ளிக்கு வாரா நாள் மிகுதியா, வாசிப்பு இடர்ப்பாடா என்று பிரித்தறியத் தெரியாத ஆசிரியர்க்கு அந்நிலைப்பெயர் பயன்படாது. பிரித்தறிய ஒரு வழி, எழுத்தை விடுத்து வாய்மொழியாகச் சோதித்தல். ‘மரம்’ என்பதில் முதல் ஒலியை நீக்கினால் எஞ்சுவது யாது, ‘கல்’ ‘பல்’ என்பவற்றில் ஒத்த பகுதி யாது என வினவுதல் வேண்டும். வீட்டு மொழியிலும் இவ்வினாவுக்கு விடை கூற இயலாதவன் மொழி புதிதாதலால் இடர்ப்படுபவன் அல்லன்.

கற்பிக்கும் முறைக்கும் நம்மிடம் முதல் உண்டு. 1930களில் அமெரிக்காவில் ஆர்ட்டனும் கில்லிங்காமும் கண், செவி, கை மூன்றையும் இணைத்துக் கற்பிக்கும் முறையை அமைத்தனர். மணலில் விரலால் எழுதி வாய்விட்டுச் சொன்ன திண்ணைப் பள்ளி அம்மூன்றையும் இணைத்தே வந்தது. படிப்படியாகப் பகுக்கும் ஒழுங்கு மட்டும் அதற்கு இல்லை. அவ்வொழுங்கைத் தொல்காப்பியப் பிறப்பியலிலிருந்து பெறலாம். லகர ளகர ழகரங்களை ‘சின்ன, பெரிய, சிறப்பு’ என அடைமொழியால் உணர்த்துவதை விட்டு, நா எவ்விடத்தைத் தொடுகின்றது என்று கண்ணாடி முன் நிறுத்திக் காட்டுவது, எழுத்தை நினைவிற் கொள்ளாத பிள்ளைக்கு உடம்பின் வழியாக ஒரு பற்றுக்கோடு தரும்.

இதற்கு வேண்டுவன, அடிக்கடி வரும் உயிர்மெய்களை முன்னும் அருகியவற்றைப் பின்னும் நிறுத்திய ஒரு வரிசை, இடர்ப்படு குறிகளின் பட்டியல், வகுப்பிற் கிடைக்கும் பிழைகளின் தொகுப்பு. மூன்றும் தமிழ் முதுகலை மாணவர் செய்யத்தக்க பணிகள். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் வட்டங்களிற் பள்ளிக்கு ஒரு குறிப்பேடு வைத்து, நான்காம் வகுப்பு மாணவர் வாசிப்பிற் செய்யும் பிழையைச் சொல்லும் நாளுமாக ஓராண்டு பதிவுசெய்தால், வட்டார வள மையத்தின் அடுத்த பயிற்சிக்கு ஆங்கில எடுத்துக்காட்டைத் தேட வேண்டியிராது.