வட்டம் ஏன் மூடவில்லை? பிளாஸ்மா டேபிளைப் பராமரிப்போம்!

கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்கலாம், படம் பார்க்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அதே கம்ப்யூட்டரைக் கொண்டு இரும்புத் தகடும் வெட்டலாம். வண்ணார்பேட்டையில் என் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் சிறிய சிஎன்சி பிளாஸ்மா டேபிள் ஒன்று வைத்திருக்கிறேன். கேட், ஜன்னல் கிரில்லுக்கான டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால், டார்ச் அதன்படியே நகர்ந்து வெட்டும். கம்ப்ரஸர் காற்றை மின்சாரம் பிளாஸ்மாவாக மாற்ற, அது இரும்பை உருக்கி ஊதித் தள்ளுகிறது. அப்போது பறக்கும் கறுப்புத் தூள்தான் நம் எதிரி.

ஒரு தீபாவளிக்கு முன் கேட் ஆர்டர் ஒன்று வந்தது. வெட்டிய வட்டம் எதுவும் மூடவில்லை. தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் 4 மி.மீ. இடைவெளி! இரண்டு தகடுகள் வீண். "அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல வைரஸ் ஏறியிருக்குமோ?" என்றான் உதவிக்கு வரும் தம்பி. நானும் நம்பி, விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தேன். ஒரு நாள் போனதுதான் மிச்சம்.

காரணம், டார்ச்சை நகர்த்தும் பல்சட்டத்தில் கிரீஸோடு இறுகிக் கிடந்த இரும்புத் தூள். என் டேபிளில் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். கம்ப்யூட்டர் அதற்குப் பல்ஸ்களை அனுப்பும். மோட்டார் உண்மையில் நகர்ந்ததா என்று கவனிக்காது. தூளில் சிக்கி மோட்டார் சில ஸ்டெப்களைத் தவறவிட்டாலும், திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். எனவே சாஃப்ட்வேரைத் தொடும் முன் பிரஷ்ஷை எடுங்கள்.

முதலில்: பிளாஸ்மா மெஷின், மோட்டார் இரண்டின் மெயின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். அதன் பிறகே டார்ச்சைக் கழற்ற வேண்டும்.

தினமும்: பல்சட்டத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, தண்டவாளங்களைத் துணியால் துடையுங்கள். பல்சட்டத்தில் கிரீஸை அப்பாதீர்கள். தூள் ஒட்டி உப்புத்தாள் போல் அரிக்கும். கம்ப்ரஸர் டாங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் அதிகம் சேரும். ஈரக் காற்று எலக்ட்ரோடை விரைவில் தின்றுவிடும்.

வாரம் ஒருமுறை: எலக்ட்ரோடின் நுனியில் ஹாஃப்னியம் பொட்டு இருக்கும். அதில் குழி சுமார் ஒன்றரை மி.மீ. ஆழமானால் மாற்றுங்கள். நாசில் துளை வட்டமாக இல்லாவிட்டால் அதையும் மாற்றுங்கள். எர்த் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் துருவும் பெயிண்டும் இருக்கக் கூடாது.

கம்ப்யூட்டருக்கு: இரும்புத் தூளில் மின்சாரம் பாயும். அது கேபினட்டுக்குள் போனால் மதர்போர்டு ஷார்ட் ஆகலாம். கம்ப்ரஸர் காற்றால் டேபிளை ஊதாதீர்கள். தூள் நேராகக் கம்ப்யூட்டருக்குத்தான் போகும். தூளை முடிந்தவரை கூட்டி அள்ளுங்கள். கேபினட் காற்று நுழையும் இடத்தில் ஃபில்டர் பொருத்தி, மாதம் ஒருமுறை கழுவிக் காய வையுங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியதைப் பார்த்த பிறகு, நான் கேபினட்டைத் தரையில் வைப்பதே இல்லை.

எச்சரிக்கை: டேபிளுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி உள்ளதா? அதன் மேல் அலுமினியம் வெட்டாதீர்கள். உருகி விழும் அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். அது தகட்டின் அடியில் தங்கினால், அடுத்த பொறியில் வெடிக்கலாம். அதற்கெனத் தொட்டியில் காற்றோட்டக் குழாய் அமைத்தவர்கள்கூட, அடியில் சேரும் கசடைத் தவறாமல் அள்ள வேண்டும்.

இத்தனைக்கும் தினமும் பத்து நிமிடம் போதும். வேலை முடித்ததும் 100 மி.மீ. வட்டம் ஒன்றைத் துண்டுத் தகட்டில் வெட்டிப் பாருங்கள். வட்டம் மூடினால் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்!