பொங்கலுக்கு பெயின்ட் அடிக்கப் போறீங்களா? பழைய பெயின்ட்டை சுரண்டும் முன் இதை கவனிங்க!

காஞ்சிபுரத்தை ஒட்டியுள்ள திருப்பருத்திக்குன்றம் என்றதும், சமணக் கோயிலின் விதானத்தில் உள்ள பழைய ஓவியங்கள்தான் நினைவுக்கு வரும். அவற்றைத் தொட தனிப் பயிற்சி வேண்டும். ஆனால் வீட்டில் உள்ள பழைய பெயின்ட்டை யார் வேண்டுமானாலும் சுரண்டலாம் என்று நினைக்கிறோம். அங்கேதான் சிக்கல்.

பழைய பெயின்ட்டில் என்ன ஆபத்து?

ஈயம். நிறம் பளிச்சென்று இருக்கவும் சீக்கிரம் காயவும் பெயின்ட்டில் ஈயச் சேர்மங்கள் சேர்க்கப்பட்டு வந்தன. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம், அதாவது 0.009 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட் என்றால், ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே அதிகம் இருக்கும்?

கதவு, ஜன்னல், கிரில், இரும்பு கேட். இவற்றுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட்டில்தான், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில், ஈயம் அதிகம். சுவருக்கு அடித்த வெறும் சுண்ணாம்பில் இந்த பயம் இல்லை.

பெயின்ட் உரியாமல் இருந்தால் ஆபத்து குறைவு. காய்ந்த பெயின்ட்டில் உப்புத்தாள் போட்டு தேய்க்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத தூசி வீடு முழுக்கப் பரவுகிறது. தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைத்தால் அது உள்ளே போய்விடும். பெரியவர்களைவிட குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு அதிகமாக ஈயத்தை உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். இந்த அளவு வரை பாதுகாப்பானது என்று எந்த வரம்பும் இல்லை.

அப்போ எப்படி எடுப்பது?

* உரியாமல் கெட்டியாக இருக்கும் பெயின்ட்டை சுரண்டவே வேண்டாம். துடைத்துவிட்டு மேலேயே அடிக்கலாம்.
* உரியும் இடத்தில் தண்ணீர் தெளித்து, ஈரமாகவே சுரண்ட வேண்டும். தேய்க்க வாட்டர் பேப்பர் போதும். ஸ்விட்ச் போர்டு பக்கம் மட்டும் தண்ணீர் வேண்டாம்.
* நெருப்பு காட்டி எரித்து எடுக்கவே கூடாது. ஈயப்புகை வரும். அமெரிக்காவில் பழைய வீடுகளில் இந்த முறைக்கு தடையே இருக்கிறது.
* கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, உதிர்ந்ததை மூட்டையாகக் கட்டிவிடுங்க. எரிக்கவோ, தோட்டத்தில் கொட்டவோ வேண்டாம்.
* துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி கிளம்பும். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்.
* வேலை முடியும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

வீட்டுக்குள்ளேயே தறி ஓடும் நெசவாளர் வீடுகளில் இன்னும் கவனம் தேவை. தறியையும் பாவையும் முழுசாக மூடிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். குழித்தறி என்றால் குழியையும் மூட வேண்டும். அதில் இறங்கிய தூசியில்தான் நெசவாளர் தினமும் கால் வைத்து உட்காருவார்.

பெயின்டரிடம் என்ன பேச வேண்டும்?

உள்ளூர் பெயின்டர்கள் பெரும்பாலும் சதுர அடி கணக்கில் அல்லது மொத்தமாக ரேட் பேசுவார்கள். ரேட்டை இறுக்கிப் பிடித்தால் முதலில் அடிபடுவது சுரண்டும் வேலைதான். ஈரமாக சுரண்ட நேரம் பிடிக்கும், காயவும் விட வேண்டும். அந்த நாட்களுக்கும் கூலி இருந்தால்தான் யாரும் அதைச் செய்வார்கள். எனவே ‘கதவு, ஜன்னல் ஈரமாக சுரண்டுவது, பிரைமர், பட்டி, இரண்டு கோட்டிங்’ என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி ரேட் பேசுங்க. புது பெயின்ட் டப்பாவில் ஈய அளவு 90 பிபிஎம்முக்கு மிகாது என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்க.

ஒரு வீட்டுக்காரருக்கு இது சில நாள் தூசி. பெயின்டருக்கோ வருஷம் முழுக்க இதே தூசிதான். துணியைக் கட்டிக்கொள்வது போதாது, என்95 மாஸ்க் வேண்டும். சாப்பிடும் முன் சோப்பு போட்டு கை கழுவுவதும், வேலை உடுப்பை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போவதும் அவருடைய குழந்தைகளையும் காப்பாற்றும். மாஸ்க் வாங்கும் காசையும் ரேட்டோடு சேர்த்தே பேசிவிடுங்க.