பாலே வகுப்பிலிருந்து பந்தநல்லூருக்கு

பாலே கற்க எட்டு, ஒன்பது வயதிலேயே சேர்த்துவிட வேண்டும் என்பார்கள். உடம்பு வளையும் பருவத்திலேயே கால்களை இடுப்பிலிருந்து வெளிப்புறமாகத் திருப்பிப் பழக்க வேண்டும். சுவரோரக் கம்பியைப் பிடித்தபடி முழங்காலை மடக்கி நிமிர்வதையே ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டும். 1904-ல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் பாலே கற்க வந்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கு ஆகிவிட்டது.

காரணம் அன்னா பாவ்லோவா. 1928-ல் அந்த ரஷ்ய நர்த்தகி பம்பாய்க்கு வந்து ஆடியதைப் பார்த்து ருக்மிணி மயங்கினார். பிறகு ஆஸ்திரேலியா போகும் வழியில் இருவருக்கும் ஒரே கப்பல். சிநேகம் வளர்ந்தது. பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டி ருக்மிணிக்கு பாலே சொல்லித்தந்தார். பாவ்லோவா சொன்னதோ வேறு: உங்கள் நாட்டு நடனத்தைத் தேடுங்கள். லண்டனில் ஓவியம் படிக்கப்போய் 1923-ல் அவருடன் மேடையேறிய உதயசங்கருக்கும் இதே யோசனைதான். தம்மிடம் வந்த இந்தியர்களை ஊருக்குத் திருப்பி அனுப்புவதில் அந்த அம்மையாருக்கு அப்படி ஓர் ஆர்வம்!

ஊரிலோ சதிர் என்றாலே முகம் சுளித்த காலம். 1933-ல் சென்னை மியூசிக் அகாடமியில் பந்தநல்லூர் மரபில் வந்த சகோதரிகள் இருவர் ஆடியதைப் பார்த்த ருக்மிணி, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மாணவியானார். முப்பதை நெருங்கிய வயதில் மறுபடியும் அரிச்சுவடி.

பாலேயில் திருப்பிய காலும் பரதத்தின் அரைமண்டியும் பார்வைக்குச் சொந்தக்காரர்கள். இரண்டிலும் முழங்கால் பக்கவாட்டில் விரிகிறது. ஆனால் ஒன்று தரையை விட்டு எழத் துடிக்கிறது. விரல்நுனியில் நின்று எடையே இல்லாததுபோல் காட்டுகிறது. மற்றது முழுப் பாதத்தால் தரையைத் தட்டித் தாளம் சொல்கிறது. பாலே மாணவி முழங்காலை மடக்குவது பெரும்பாலும் எழும்புவதற்காக. பரத மாணவி மடக்கிய நிலையிலேயே நெடுநேரம் ஆட வேண்டும். அங்கே கற்றதில் பாதியை இங்கே மறந்தாக வேண்டும்.

1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் அவர் ஆடினார். பிராமணக் குடும்பத்துப் பெண் சதிர் ஆடியதில் சென்னை அதிர்ந்தது. அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரா பிறந்தது.

பாலேயிலிருந்து அவரிடம் தங்கியது காலசைவு அல்ல, மேடை என்றே சொல்லத் தோன்றுகிறது. நர்த்தகியின் பின்னால் நின்று வாசித்தவர்கள் பக்கவாட்டில் அமர்ந்தார்கள். ஒளியமைப்பும் உடையும் திட்டமிடப்பட்டன. 1944-ல் குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகமானது. கூடவே சிருங்காரத்துக்குக் கத்தரியும் விழுந்தது.

அதைத்தான் வீணை தனம்மாள் குடும்பத்தில் வந்த டி. பாலசரஸ்வதி கடைசிவரை ஏற்கவில்லை. சிருங்காரமே அபிநயத்தின் உயிர். சுத்தம் செய்ய அதில் அழுக்கே இல்லை என்பது அவர் கட்சி. சதிரைப் பரம்பரையாகக் காத்த குடும்பங்களில் பல பெண்கள், அது பரதநாட்டியமாகிப் பெருமை பெற்ற நேரத்தில் மேடைக்கு வெளியே நின்றிருந்தார்கள்.