மாட்டுக்கு வயிறு நிறைந்தால் மட்டும் போதுமா?
காய்ந்த தீவனத்தைப் பார்த்து வாங்கும் முறை

கோடை வந்தால் மேய்ச்சல் நிலம் கருகிவிடும். மாடு வைத்திருப்போர் வைக்கோல் தேடிக் கிளம்பிவிடுவார்கள். "கட்டு என்ன விலை?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். "இதில் என்ன சத்து இருக்கிறது?" என்று கேட்பவர் மிகச் சிலரே.

ஒரே ஒரு பசுவை நம்பிக் குடித்தனம் நடத்தும் வீடுகள் நம் நாட்டில் ஏராளம். பால் ஒரு லிட்டர் குறைந்தாலும் அந்த வீட்டின் அடுப்பங்கரை வரை தெரியும். ஆகவே, நல்ல தீவனம் எது என்று அறிந்துகொள்வது அவசியம்.

வைக்கோல் தனியே போதாது

நெல் வைக்கோல் பசியை அடக்கும், உடலை வளர்க்காது. 100 கிலோ வைக்கோலில் புரதச் சத்து 3 அல்லது 4 கிலோதான். அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள், சுண்ணாம்புச் சத்து உடலில் சேர விடாமல் தடுக்கிறது.

வைக்கோலை மட்டுமே தின்னும் பசுவுக்கு வயிறு புடைத்திருக்கும். ஆனால் விலா எலும்பு தெரியும். பால் குறையும். சினைப் பருவத்துக்கு வருவதும் தள்ளிப் போகும்.

கடலைக் கொடியின் அருமை

காய்ந்த நிலக்கடலைக் கொடியில் புரதம் வைக்கோலைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் உண்டு. உளுந்து, காராமணிக் கொடிகளும் நல்லவையே. குதிரை மசால் இவை எல்லாவற்றையும்விடச் சிறந்தது. பூக்கத் தொடங்கும்போது அறுத்துக் காய வைத்தால், 100 கிலோவில் சுமார் 15 கிலோ புரதம் இருக்கும்.

மாட்டுக்குப் போடும் தழைத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு இத்தகைய பயறு வகையாக இருப்பது நல்லது.

வாங்கும்போது கவனியுங்கள்

நிறம்: கொடியில் இளம் பச்சை தெரிய வேண்டும். வெயிலில் வெளுத்தும் மழையில் கறுத்தும் போனதில் சத்து குறைவு.

இலை: சத்து பெரும்பாலும் இலையில்தான். வெறும் தண்டாக இருந்தால் வாங்காதீர்கள். அளவுக்கு மேல் காய்ந்தால் இலை உதிர்ந்துவிடும்.

வாசனை: நல்ல தீவனம் காய்ந்த புல்லின் மணம் வீசும். புழுங்கல் நாற்றம் அடித்தால் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று பொருள்.

உட்புறம்: இயந்திரம் சுற்றிய கட்டு வெளியே பொன்போல் மின்னும், நடுவில் ஈரம் இருக்கும். ஆகவே கட்டைப் பிரித்து, நடுவில் கை விட்டுப் பாருங்கள். சூடாகவோ ஈரமாகவோ இருந்தால் வேண்டாம்.

பூஞ்சணம் பிடித்ததை உதறிப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. அதன் நஞ்சு உதறினால் போகாது. சிலவகை நஞ்சு பாலிலும் இறங்கும்; அந்தப் பாலைத்தான் வீட்டுக் குழந்தை குடிக்கிறது.

சோளத்தில் எச்சரிக்கை

முற்றிய சோளத்தட்டை நல்ல தீவனம். நறுக்கிப் போட்டால் வீணாகாது. ஆனால் மழையின்றி வாடி நிற்கும் இளம் சோளப் பயிரில் மாட்டை விடவே கூடாது. அதில் உண்டாகும் நஞ்சு சில நிமிடங்களில் உயிரைக் குடித்துவிடும். பூத்த பிறகு அறுத்து, நன்றாகக் காய வைத்துப் போடுங்கள்.

நல்ல தீவனம் கிடைத்துவிட்டது என்று ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். பழையதோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரத்தில் முழுவதும் மாற்றுங்கள். மாட்டின் வயிறு பழகிக்கொள்ள அந்த அவகாசம் வேண்டும்.