"பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப் போடாதீர்கள்!



கணனியைத் திறந்ததும் "அப்டேட் செய்யவும்" என்ற அறிவித்தல் வருகிறது. பிள்ளை பாடம் படிக்கக் காத்திருக்கிறான். அடுப்பில் கறி கொதிக்கிறது. "பிறகு பார்ப்போம்" என்று மூடிவிடுகிறோம். மறுநாளும் அப்படித்தான். இந்தச் சிறு அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்று சிந்தித்ததுண்டா?

மனிதன் எழுதிய மென்பொருளில் குறை இருக்கவே செய்யும். குறை தெரியவந்ததும் நிறுவனம் அதற்கொரு திருத்தம் வெளியிடுகிறது. அதுவே அப்டேட். ஆனால் திருத்தம் வந்ததும், ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. தாமதிப்பவரின் கணனியே அவனுக்கு இலகுவான இலக்கு.

2017 மார்ச் 14ஆம் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸிலிருந்த ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. பலர் அதைக் கவனிக்கவில்லை. மே 12ஆம் திகதி 'வன்னாக்ரை' என்ற நாசகார மென்பொருள் அதே ஓட்டையால் புகுந்து பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டொலர் கேட்டது. சுமார் 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் 19,000க்கும் மேற்பட்ட நோயாளர் சந்திப்புகள் இரத்தாகின என மதிப்பிடப்பட்டது. இரண்டு மாதங்களாக மருந்து கையில் இருந்தும் பூசாமல் விட்ட புண் அது!

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. அறிவித்தல் எல்லாம் உண்மையல்ல. முன்னர் இணையத்தில் வீடியோ பார்க்கவும் விளையாடவும் 'பிளாஷ் பிளேயர்' என்ற துணை மென்பொருள் தேவைப்பட்டது. "உங்கள் பிளாஷ் பழையது, இங்கே அழுத்துங்கள்" என்று பொய் சொல்லியே வைரஸை ஏற்றினார்கள். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31உடன் பிளாஷைக் கைவிட்டது. ஆகவே இன்றும் அதைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவித்தலை நம்பாதீர்கள். பழைய கணனியில் அது இருந்தால் அகற்றிவிடுங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? இணையத்தில் திடீரெனத் தோன்றும் பெட்டியை அழுத்தாமல், கணனியின் அல்லது கைத்தொலைபேசியின் 'செட்டிங்ஸ்' பகுதிக்குச் சென்று அப்டேட்டைத் தேடுங்கள். அது தானாகவே நடக்கும்படி அமைத்துவிடுங்கள். பிரவுசரை அடிக்கடி முற்றாக மூடித் திறவுங்கள். அப்போதுதான் புதிய திருத்தம் வேலை செய்யும். பாவிக்காத துணை மென்பொருட்களை நீக்குங்கள். முக்கியமான படங்களையும் கோப்புகளையும் வேறொன்றில் பிரதி எடுத்து, கணனியிலிருந்து கழற்றி வையுங்கள்.

பிள்ளைகளின் படங்கள், பரீட்சைக் குறிப்புகள், வெளிநாட்டிலிருந்து கணவர் அனுப்பும் பணம் சேரும் வங்கிக் கணக்கு - எல்லாம் இன்று இந்தப் பெட்டிக்குள்தானே! கூரை ஓடு விலகினால் மழைக்கு முன்பே சரிசெய்கிறோம். இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கக் கூடாதா சகோதரிகளே?