மண்ணடுப்பில் படிந்த ஊர்

பழைய வீட்டை இடிக்கும்போது மண்ணடுப்பு பிளந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாணியும் மண்ணும் குழைத்து மெழுகிய பூச்சு, அதன்மேல் கரி, மறுபடி பூச்சு. நடுவே பொங்கி வழிந்து கருகிய சோறு, எங்கோ சிக்கிய சட்டிச் சில்லு. அடியில் மாமியார் மெழுகியது, மேலே மருமகள் மெழுகியது. ஆண்டு எங்கும் எழுதியிருக்காது. ஆனால் எது முந்தி, எது பிந்தி என்பது தெரிந்துவிடும்.

கைவிடப்பட்ட ஊரும் இப்படித்தான் மண்ணுக்குள் படிகிறது. சுவர் கரைந்து தரையாகும். சாம்பல், எலும்பு, உடைந்த பானை எல்லாம் அதில் மிதிபடும். அடுத்த தலைமுறை அதன்மேலேயே குடிசை போடும். ஆட்கள் போனபின் மழைமண் வந்து மூடும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் தொகரப்பள்ளி அருகே மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2021இல் அகழாய்வு செய்தது. குழியின் பக்கச்சுவரில் மண்ணின் நிறமும் இறுக்கமும் மாறுகிற இடந்தான் முக்கியம். பொருள் கிடைப்பது அப்புறம். இரும்பும் கருப்பு-சிவப்புப் பானையும் சேர்ந்தே வந்தன என்றுதான் முன்பு நினைத்தார்கள். இங்கே அந்தப் பானை, இரும்புக்கும் முந்தைய புதிய கற்கால அடுக்கிலேயே கிடைத்தது. பானை புதிதல்ல, அது கிடந்த இடம் புதிது.

வரிசையை மண் சொல்லும்; ஆண்டைக் கரிமம் சொல்லும். உயிருள்ளவரை மரம் காற்றிலிருந்து கரிமம்-14ஐ எடுத்துக்கொண்டே இருக்கும். வெட்டுப்பட்டதும் வரவு நின்று, இருப்பது 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். மயிலாடும்பாறையின் இரும்புக்கால அடுக்கில் 104 செ.மீ, 130 செ.மீ ஆழங்களில் எடுத்த மாதிரிகள் கி.மு. 1615, கி.மு. 2172 என்று காட்டின. அதுவரை தமிழகத்தில் இரும்பின் பழமை, மேட்டூர் அருகே மாங்காட்டில் கிடைத்த கி.மு. 1510தான். 2025 ஜனவரியில் சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலக்கணக்கு வெளியாகி மயிலாடும்பாறையையும் பின்னுக்குத் தள்ளியது.

ஆனால் அடுக்கு கலைந்தால் வரிசையும் பொய்க்கும்: எலி வளையோ ஏரோ போதும், மேலடுக்கு மணியைக் கீழே இறக்கிவிடும். இங்கிலாந்தில் யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி கிராமத்தில் ஏரின் தொல்லை குறைவு. செம்மறி வளர்ப்பதற்காக 1500 வாக்கில் குடிகளை வெளியேற்றினார்கள். மேய்ச்சல் நிலமானதால் ஏர் படவில்லை, வீட்டுக் கோடுகள் புல்மேட்டிலேயே தெரிகின்றன. 1950 முதல் 1990 வரை நிதானமாகத் தோண்ட முடிந்தது. ஓசூர் பக்கம் மனை போடச் சமன்செய்யும் ஜேசிபி அவ்வளவு பொறுக்காது. கிருஷ்ணகிரியில் மாங்கன்று நட எடுக்கும் குழியே வழக்கமாக ஒரு மீட்டர் ஆழம், கி.மு. 1615க்கு இன்னும் நாலு சென்டிமீட்டர்தான் பாக்கி.