எலும்புக்கும் உண்டு முதிர்வுக் காலம்

வைப்புத்தொகையைப் போலவே எலும்பு வளர்ச்சிக்கும் முதிர்வுக் காலம் உண்டு. தொடை, கால் போன்ற நீண்ட எலும்புகளின் முனைகளுக்கருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் உள்ளன. அங்கே செல்கள் பெருகி எலும்பாக மாறுவதால் நாம் உயர்கிறோம். பருவ வயதில், இருபாலரிடமும் ஈஸ்ட்ரோஜன் இத்தட்டுகளை மெல்ல மூடச் செய்கிறது. பெரும்பாலும் பெண்களுக்கு 14 முதல் 16 வயதிலும், ஆண்களுக்கு 16 முதல் 18 வயதிலும் இது நிகழ்கிறது. அதன்பின் எந்த மாவும் மாத்திரையும் உயரத்தைக் கூட்டா. எனவே விளம்பரங்களை நம்பிச் சேமிப்பைக் கரைக்க வேண்டாம். பிள்ளையின் வளர்ச்சி குறைவாகத் தோன்றினால், தட்டுகள் மூடுவதற்கு முன்பே மருத்துவரை அணுகுவோம். இடக்கை, மணிக்கட்டு எக்ஸ்ரேயைக் கொண்டு எலும்பின் வயதை அவர் கணிப்பார். காலத்தே செய்யும் சிகிச்சையே பயன் தரும்.